பெரிய வீல் போட்டால் பெரிய காரா?

(இறுதியாண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)



மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த மன்றச் செயலாளர், "காதல், நட்பு, அம்மா மூணும் நிறைய வந்துடுச்சுப்பா, வேற ஏதாவது எழுது" என்றார். எனக்குத் தெரிந்தது டயரும் வீலும்தான். மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு டயர் கடையில் வீல் பேலன்சிங் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறவன் நான். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒரே கேள்வி: "தம்பி, இதுக்கு எவ்ளோ பெருசு போடலாம்?" எவ்வளவு நல்லது போடலாம் என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இதே கேள்விதான் நம் விடுதியிலும் ஓடுகிறது. டொயோட்டா 86 காரின் படம் ஒட்டாத அறை நம் பிளாக்கில் குறைவு. அந்தப் படங்களில் முக்கால்வாசி, கம்பெனி வீலைக் கழற்றி வீசிவிட்டு 19 அங்குலத்தில் வெண்கல நிற அலாய் போட்ட வண்டிகள். "பார்த்தியா மச்சான், வீல் மாத்தினதும் வண்டியே வேற ஆயிடுச்சு!" என்கிறார்கள். வேறு வண்டியாகத்தான் ஆகிவிட்டது. அது நல்ல வண்டியாக ஆனதா என்பதுதான் என் சண்டை. காரணம் இல்லாமல் வீலின் அங்குலத்தைக் கூட்டுவது ஸ்போர்ட்ஸ் காருக்குச் செய்யும் துரோகம். இது என் கட்சி. எதிர்க்கட்சிக்காரர்கள் மெஸ்ஸில் என்னைப் பிடித்துக்கொள்ளலாம்.

முதலில் அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம். 2012-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து செய்தது. கட்டியது சுபாருவின் குன்மா தொழிற்சாலையில். இரண்டு லிட்டர் பாக்ஸர் இன்ஜின், 200 குதிரைத்திறன், பின்சக்கர ஓட்டம், எடை ஏறத்தாழ 1,200 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இந்தியாவில் டொயோட்டா இதை விற்கவில்லை. அதனால் என்ன? ரஜினி படம் பார்க்கிற எல்லோரும் ரஜினியோடு டீ குடித்தவர்களா?

இந்தக் காருக்குத் தலைமைப் பொறியாளராக இருந்தவர் டெட்சுயா தாடா. அவர் திட்டம் தொடங்கும்போதே சில விஷயங்களை வேண்டாம் என்று ஒதுக்கினார். டர்போ வேண்டாம். நான்கு சக்கர ஓட்டம் வேண்டாம். அதிகப் பிடிப்புள்ள விசேஷ டயரும் வேண்டாம். அதன்படி இந்தக் காருக்கு வந்தது 17 அங்குலம், 7ஜே அகல ரிம். அதில் 215/45 ஆர் 17 அளவில் மிஷெலின் பிரைமசி எச்.பி. டயர். அது சாதுவான குடும்பக் கார்கள் போட்டுக்கொள்கிற டயர். பந்தயப் பிரியர்கள் அப்போது சிரித்தார்கள். ஆனால் அந்த மனிதர் தெரிந்தேதான் செய்தார். பிடிப்பு அளவாக இருந்தால், சாதாரண வேகத்திலேயே வண்டி லேசாக வழுக்குவதை ஓட்டுகிறவர் உணரலாம், ஸ்டியரிங்கிலும் ஆக்ஸிலரேட்டரிலும் அதைச் சரிசெய்து விளையாடலாம். நூற்றைம்பதில் போனால்தான் சந்தோஷம் என்று ஆகிவிட்டால் அந்தச் சந்தோஷத்தை எந்தச் சாலையில் போய்த் தேடுவது?

இன்னொன்றும் சொல்கிறேன், பலர் நம்ப மாட்டார்கள். ஜப்பானில் இதே 86, 16 அங்குல வீலோடும் விற்றது, 205/55 ஆர் 16 டயரில். 'ஆர்.சி.' என்ற ரகம் பெயின்ட் அடிக்காத பம்பரோடும் வெறும் இரும்பு ரிம்மோடும் வந்தது. மாற்றியமைத்து விளையாடுகிறவர்களே வாங்கட்டும் என்று விட்ட வண்டி அது. ஆக, 17 என்பது அந்தக் கம்பெனி கஞ்சத்தனத்தில் நிறுத்திய எண் இல்லை.

சரி, பெரிய வீல் போட்டால் பிடிப்பு கூடும் என்கிறார்களே, அது? நம் செகண்ட் இயர் கணக்கே போதும். ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ இருக்கிறது, காற்று 32 பி.எஸ்.ஐ. என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் சாலையைத் தொடும் பரப்பு சுமார் 133 சதுர சென்டிமீட்டர். ஒரு உள்ளங்கை! சைடுவாலின் விறைப்பால் இது முன்னே பின்னே போகும். ஆனாலும் டயரை அகலப்படுத்தினால் பரப்பு அதே விகிதத்தில் கூடிவிடாது, அதன் வடிவம்தான் மாறும். நீளம் குறைந்து அகலம் கூடும். வளைவில் அதற்கு ஒரு பயன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பிடிப்பைப் பெரிதும் தீர்மானிப்பது அந்த உள்ளங்கையில் என்ன ரப்பர் இருக்கிறது என்பதுதான். அதே 17 அங்குல ரிம்மில் நல்ல ரப்பர் கலவை உள்ள டயரைப் போட்டாலே பிரேக்கிலும் வளைவிலும் வித்தியாசம் தெரியும். காசு முழுவதையும் பளபளக்கும் உலோகத்தில் கொட்டிவிட்டு, டயருக்கு வரும்போது "இருக்கறதுலயே சீப்பா ஒண்ணு போடுங்க" என்று சொல்கிறவர்களை நான் வாரத்துக்கு இரண்டு பேராவது பார்க்கிறேன். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு அறுந்த செருப்போடு கல்யாணத்துக்குப் போகிற கதைதான்.

இனி அளவுக் கணக்கு. 215/45 ஆர் 17 என்றால் அகலம் 215 மி.மீ., சைடுவால் அதில் 45 சதவீதம், அதாவது 97 மி.மீ. சொச்சம். ரிம் விட்டம் 431.8. மொத்த விட்டம் 625 மி.மீ. வீலைப் பெரிதாக்கினால் சைடுவாலைக் குறைத்து இந்த 625-ஐக் காப்பாற்ற வேண்டும். 215/40 ஆர் 18 போட்டால் 629. அரை சதவீதத்துக்குச் சற்று மேல், பரவாயில்லை. 225/40 ஆர் 18 என்றால் 637. கிட்டத்தட்ட 2 சதவீதம். நம்ம அறைச் சுவரில் இருக்கிற மாதிரி 19-க்குப் போய் 235/35 போட்டால் 647, மூன்றரை சதவீதம். இதில் என்ன போயிற்று என்பீர்கள். ஸ்பீடாமீட்டர் 100 காட்டும்போது வண்டி அதற்கு முன்பு போனதைவிட மூன்றரை கிலோமீட்டர் கூடுதலாகப் போகும். உண்மை வேகத்தைவிட மீட்டர் குறைத்துக் காட்டவே கூடாது என்பது ஐ.நா. வாகன விதி 39 சொல்வது. கம்பெனி மீட்டரில் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படி விட்டிருக்கும் இடைவெளியை நாம் தின்று தீர்க்கிறோம். அதோடு கியரும் நீண்டுபோகும். 86 மேனுவலின் ஃபைனல் டிரைவ் விகிதம் 4.1. மூன்றரை சதவீதம் பெரிய டயர் போட்டால் அது 3.96 போல நடந்துகொள்ளும். இருக்கிற 200 குதிரையில் சிலவற்றை அவிழ்த்துவிட்ட மாதிரி.

எடை விஷயத்துக்கு வருவோம். இங்கே என் கட்சிக்காரர்களிடமும் எனக்குச் சண்டை இருக்கிறது. "வீலில் ஒரு கிலோ கூடினா பாடியில் பத்து கிலோ கூடினதுக்குச் சமம்" என்று ஒரு வாசகம் எல்லா ஒர்க் ஷாப்பிலும் உலவுகிறது. தவறு. மெக்கானிக்ஸ் நோட்டை எடுத்துப் பாருங்கள். உருளும் பொருளுக்கு நேர்கோட்டு நிறையோடு சுழல்வதால் வரும் பங்கும் சேர்கிறது, அதாவது நிலைமத் திருப்புத்திறனை ஆரத்தின் வர்க்கத்தால் வகுத்த அளவு. டயரின் வெளி விளிம்பிலேயே அந்த ஒரு கிலோவை ஒட்டினாலும் அது இரண்டு கிலோவுக்குச் சமம், அதற்கு மேல் போகவே முடியாது. ரிம் விளிம்பு மையத்திலிருந்து 225 மி.மீ., டயர் ஆரம் 315 என்று வைத்தால், ரிம்மில் கூடும் ஒரு கிலோ முடுக்கத்துக்கு ஒன்றரைக் கிலோ. வீலுக்கு 3 கிலோ வீதம் நாலு வீலில் 12 கிலோ கூடினால் இன்ஜினுக்கு 18 கிலோ கூடிய மாதிரி. அரை சிமெண்ட் மூட்டைகூட இல்லை.

அப்படியானால் எடை முக்கியமில்லையா? முக்கியம்தான், ஆனால் வேறு இடத்தில். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை ஒரு மூலைக்கு 40 கிலோ என்று வையுங்கள். மூன்று கிலோ கூடினால் அது ஏழரை சதவீதம். அதே 12 கிலோ மொத்த வண்டிக்கு ஒரு சதவீதம்தான். மேடு பள்ளத்தில் ஏறி இறங்குகிற சக்கரத்தைச் சாலையோடு ஒட்ட வைப்பது ஸ்பிரிங்குக்கும் டாம்பருக்கும் உள்ள வேலை. கம்பெனி அவற்றை 40-க்குக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. நாம் 43 கொடுத்துவிட்டு, சைடுவாலையும் 97-லிருந்து 82 மி.மீ.க்குக் குறைத்துவிட்டு, "சஸ்பென்ஷன் ஹார்டா இருக்கு, கம்பெனி சரியில்லை" என்கிறோம்! குண்டும் குழியுமான வளைவில் சக்கரம் ஒரு கணம் துள்ளினால் அந்த உள்ளங்கையும் இல்லை.

அலாய் வீல் வந்ததே எடைக்காகத்தான் என்பதை மறந்துவிட்டோம். 1924-ல் புகாட்டி டைப் 35 பந்தயக் காரில் வார்ப்பு அலுமினிய வீலைக் கொண்டுவந்தார்கள். பிரேக் டிரம்மும் அதிலேயே சேர்ந்து வார்க்கப்பட்டிருந்தது. நம் சுவரில் தொங்கும் வெண்கல நிற ஆறு ஸ்போக் வீலின் மூலவர் 1996-ல் ஜப்பானின் ரேய்ஸ் நிறுவனம் வெளியிட்ட டி.இ.37. அந்த 37 எங்கிருந்து வந்தது தெரியுமா? 15 அங்குலம், 6ஜே அளவில் அந்த ஃபோர்ஜிங் வீலின் எடை 3.7 கிலோ. எடையையே பெயராக வைத்துக்கொண்ட வீலைப் பார்த்து அங்குலத்தை மட்டும் காப்பியடிக்கிறோம்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது இந்தக் காப்பிதான். கடைக்கு வருகிற போலி வீல்களைப் பார்க்கிறேன். முன்பக்கம் அச்சு அசல். திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் எதுவும் இருக்காது. சுமை அளவு இல்லை, ஜப்பானின் ஜே.டபிள்யூ.எல். குறி இல்லை, சோதனை நடந்ததைச் சொல்லும் வி.ஐ.ஏ. முத்திரை இல்லை. மெட்டீரியல் சயின்ஸ் வகுப்பில் தூங்கியவர்களுக்காகச் சொல்கிறேன்: வார்ப்பு வீலுக்குப் பெரும்பாலும் பயன்படுவது ஏ356 கலவை. அலுமினியத்தில் 7 சதவீதம் சிலிக்கான், கொஞ்சம் மக்னீசியம். வார்த்த கையோடு அதற்கு வலு வந்துவிடாது. சூடேற்றி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி மிதமான சூட்டில் வைத்து எடுக்கிற டி6 பதப்படுத்தல் முடிந்தால்தான் வரும். நல்ல கம்பெனி அதற்குப் பிறகும் வளைவுச் சுழற்சி, ஆரச்சுமை, மோதல் என்று மூன்று சோதனை வைக்கும். இந்தப் பதப்படுத்தலைச் செய்தார்களா இல்லையா என்று பெயின்ட்டைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இரும்பு ரிம் குழியில் விழுந்தால் வளையும். சுத்தியலால் தட்டி நிமிர்த்தி வீட்டுக்குப் போய்விடலாம். தரமற்ற வார்ப்பு விரிசல் விடும். விரிசல் விட்டதை டயர் மறைத்துக்கொள்ளும். அடுத்த நாள் நெடுஞ்சாலையில் அதே வண்டியில் ஒரு குடும்பம் போகும்.

ஆஃப்செட் என்றால் இன்னும் சிலருக்கு அச்சகம்தான் ஞாபகம் வருகிறது. ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதே அது. 86-ன் கம்பெனி வீல் 7ஜே, ஆஃப்செட் 48. ஒருவர் 8.5ஜே, ஆஃப்செட் 35 வாங்கி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளி விளிம்பு 32 மி.மீ. வெளியே வரும், உள் விளிம்பு 6 மி.மீ. உள்ளே போகும். நடுக்கோடு 13 மி.மீ. வெளியே நகரும். அந்த 13 மி.மீ.தான் ஆபத்தான ஆள். ஸ்டியரிங் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரம் மாறிவிடும். பாதி ஈரமும் பாதி உலர்வுமான சாலையில் பிரேக் அடித்தால் ஸ்டியரிங் கையை இழுக்கும். வீல் பேரிங்குக்கும் அந்த நீளத்துக்கு ஏற்பக் கூடுதல் திருகு. ஃபெண்டரில் உரசுகிற சத்தம் வந்தால் அதுவாவது எச்சரிக்கை என்று சந்தோஷப்படலாம்.

கடைசியாக ஒரு பொறி. வண்டி முன்னால் டொயோட்டா சின்னம் இருக்கிறதே என்று டொயோட்டா வீலையும் நட்டையும் தேடுவார்கள். போல்ட் வட்டம் 5 துளை, 100 மி.மீ.; பழைய பிரியஸ் காருக்கும் அதேதான். ஆனால் பிரியஸ் வீலின் நடுத்துளை 54.1 மி.மீ., 86-ன் ஹப் 56.1. இரண்டு மி.மீ.க்கு வீல் உட்காராது. அது பரவாயில்லை, உட்காராவிட்டால் தெரிந்துவிடும். தெரியாமல் கெடுப்பது நட்டு. டொயோட்டா கார்களில் வழக்கமாக எம்12, பிட்ச் 1.5. இந்தக் கார் சுபாரு பிறவி என்பதால் பிட்ச் 1.25. 1.5 நட்டு கையில் ஒரு சுற்றோ ஒன்றரைச் சுற்றோ ஏறி இறுகும். துருப்பிடித்திருக்கும் என்று நினைத்து நம்ம ஆள் நியூமேட்டிக் கன்னை வைத்து 'டர்ர்ர்' என்று ஏற்றிவிடுவான். ஸ்டட்டின் மரை முழுக்க உருண்டுபோகும், நட்டு இறுகியதாகவே தெரியும். ஃபர்ஸ்ட் இயர் ஃபிட்டிங் லேபில் பிட்ச் கேஜ் கொடுத்தபோது "இது எதுக்கு சார்?" என்று கேட்டோமே, இதற்குத்தான்.

அப்படியானால் பெரிய வீலே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. பிரேக் டிஸ்க் பெரிதானால் காலிப்பர் இடிக்காத அளவுக்கு வீல் பெரிதாகத்தான் வேண்டும். 86-ன் முன் டிஸ்க் 294 மி.மீ.; அதற்கு 17 தாராளம். டிராக்கில் ஓட்டுகிறவர் அகல டயரைத் தாங்க அகல ரிம் கேட்டால் அது நியாயமான காரணம். அங்குலம்தான் வேகம் என்று நினைப்பவர்கள் ஃபார்முலா ஒன்றைப் பாருங்கள்: உலகத்திலேயே வளைவில் வேகமான அந்தக் கார்கள் 2021 வரை 13 அங்குல வீலில்தான் ஓடின. 2022-ல் 18-க்கு மாறியதற்குச் சாலைக் கார்களோடு ஒத்துப்போக வேண்டும் என்பதும் ஒரு காரணம். அழகுக்காகப் போடுகிறேன் என்று ஒருவர் நேர்மையாகச் சொன்னால் அவரோடு எனக்குச் சண்டையே இல்லை. தலைமுடிக்கும் தாடிக்கும் நாம் செய்யாத செலவா? "பர்ஃபார்மன்ஸுக்காக" என்று சொல்லும்போதுதான் கால்குலேட்டரை எடுக்கிறேன்.

நம் ஊர்ச் சட்டமும் ஒன்று இருக்கிறது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. "டயர் சைஸ் ஆர்.சி.யில் இல்லையே" என்று வாதாடும் வக்கீல்கள் நம் வகுப்பில் நிறைய. விபத்துக்குப் பிறகு வரும் இன்சூரன்ஸ் சர்வேயரிடம் போய் வாதாடட்டும்.

நண்பர்களே, இன்னும் சில மாதத்தில் நம்மில் பலர் ஏதாவது ஒரு சர்வீஸ் சென்டரில் டார்க் ரெஞ்சோடு நிற்கப் போகிறோம். வாடிக்கையாளர் சாவியை நீட்டி, "பெருசா ஒண்ணு போட்டு விடுப்பா" என்பார். முதலாளிக்கு 19 விற்றால் லாபம், 17-ல் நல்ல டயர் விற்றால் அவ்வளவு இல்லை. அந்த இடத்தில் "அண்ணே, வேணாம்ணே" என்று வெறுமனே சொன்னால் எடுபடாது. நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன், பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். ஒரு துண்டுக் காகிதத்தில் 625, 647 என்று எழுதிக் காட்டினால் கொஞ்சம் நிற்கிறார். போலி வீலைக் கவிழ்த்து, குறி இல்லாத பின்பக்கத்தையும் காட்டினால் பெரும்பாலும் உட்கார்ந்தே விடுகிறார். "வீட்டுல பசங்க எல்லாம் இதுலதான் போறாங்க தம்பி" என்று அவராகவே சொன்னதும் உண்டு.

86 வாங்கும் யோகம் உங்களில் யாருக்காவது வாய்த்தால் என் யோசனை இது. 17-லேயே இருங்கள். கம்பெனி ரிம்மிலேயே 225/45 போகும், விட்டம் ஒன்றரை சதவீதத்துக்குள்தான் கூடும். அதில் இருப்பதிலேயே நல்ல ரப்பரை வாங்கிவிட்டு, மீதிப் பணத்தில் பிரேக் பேடு மாற்றுங்கள். மனசு கேட்கவே இல்லை, 18தான் வேண்டும் என்றால் 7.5ஜே, ஆஃப்செட் 48, 215/40. 2021-ல் வந்த அடுத்த தலைமுறை ஜி.ஆர்.86-க்கு டொயோட்டாவே 18 அங்குலத்தில் கொடுத்த அளவு அதுதான். இரண்டு பக்கமும் 6 மி.மீ. சொச்சம் நகர்வதோடு சரி. கடையில் கன்னை வைத்து இறுக்க விடாதீர்கள். 120 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்சில் இறுக்கச் சொல்லி, நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து இன்னொரு முறை சரிபார்க்கச் சொல்லுங்கள். நட்டு 1.25 பிட்ச்தானா என்று, தயவுசெய்து, வாங்கும்போதே கேஜ் வைத்துப் பாருங்கள்.